எம்.பி.பி.எஸ். முதல் வருடம்: தோள் முதல் விரல் வரை மூட்டுகளைப் படித்து முடிக்க ஒரு வழி

முதல் பார்ட் எண்டிங் வைவாவில், அதாவது ஒரு உடல்பகுதியை முடித்ததும் வைக்கும் வாய்மொழித் தேர்வில், அனாடமி (உடற்கூறியல்) மேடம் என்னிடம், "கட்டைவிரலை அப்டக்ட் பண்ணிக் காட்டு" என்றார். நான் விரலைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டினேன், பஸ் போன பிறகு ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்பவனைப் போல. அவர் திட்டவில்லை. அடுத்து ஒரு ஹியூமரஸை (மேற்கை எலும்பை) நீட்டி, "எந்தப் பக்கம்?" என்றார். வலது என்றேன். இடது. மூட்டுகளைப் பற்றி முப்பது பக்கம் மனப்பாடம் செய்துவிட்டுப் போனவன், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்தத் தேர்வை மறுபடி எழுதினேன்.

நான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. காரை எலும்பு என்று படித்துவிட்டு வந்தவனுக்கு கிளாவிக்கிள் என்ற பெயர் ஏதோ புது எலும்பு மாதிரி இருந்தது. ஆனால் என் தோல்விக்கு இங்கிலீஷ் காரணம் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் படித்து வந்த என் ரூம்மேட்டும் அதே தேர்வில் விழுந்தான். இரண்டு பேருமே மூட்டைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அது எங்கள் சட்டைக்குள்ளேயே இருந்தது.

பிசியோதெரபி, நர்சிங் படிப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஆழம்தான் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. காலக்கணக்கை முதல் வாரமே போடுங்கள்

பல கல்லூரிகளில் டிசெக்‌ஷன், அதாவது இறந்தவர் உடலைப் பிரித்துப் படிப்பது, கையில்தான் தொடங்கும். எங்களுக்கு அதற்கு ஏழு வாரம் கிடைத்தது. கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மார்பு, அக்குள், மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று தசையும் நரம்பும் ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகு, கடைசியில்தான் மூட்டுகளைத் திறப்பார்கள். அந்த வாரம் ரெக்கார்டு கையெழுத்துக்கு அலைவீர்கள், பயோகெமிஸ்ட்ரி டெஸ்ட் வேறு வரும். மூட்டு வகுப்பு முடிந்த நாலாம் நாள் எங்களுக்குத் தேர்வு.

அதனால் டேபிளில் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் எலும்புகளை முடியுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் போதும். தோளைப் பிரிக்கும் வாரத்தில் தோள் மூட்டு, முன்கை வாரத்தில் முழங்கையும், முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் சேரும் ரேடியோ அல்னார் மூட்டுகளும். தசைப் பாடத்தோடு சேர்த்துப் படித்தால் அசைவுகள் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாக இருக்காது.

2. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

எலும்பு செட் வாங்குவதற்கு முன்னால் உங்கள் துறையில் கேளுங்கள். எங்கள் கல்லூரியில் அடையாள அட்டையை வைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் எலும்பைக் கொடுப்பார்கள், மாலையில் திருப்பித் தர வேண்டும். இது எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு சீனியர் அண்ணனிடம் 4,000 ரூபாய் கொடுத்து அரை செட் வாங்கியிருந்தேன். அதில் ரேடியஸ் இரண்டு இருந்தது, அல்னா இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் அங்கேயே உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு பக்கக் கைக்கு 32 எலும்பு: கிளாவிக்கிள், ஸ்கேப்புலா (தோள்பட்டை எலும்பு), ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா ஒவ்வொன்று, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலுக்கு மூன்று வீதம் பதினைந்து வருமே என்று கேட்காதீர்கள், கட்டைவிரலுக்கு இரண்டுதான். மணிக்கட்டு எலும்புகள் கம்பியில் கோத்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். உதிரியாக இருந்தால் பட்டாணி அளவு பிசிஃபார்ம் ஹாஸ்டலில் ஒரு வாரம்கூடத் தங்காது. ரூம்மேட்டோடு பாதிப் பாதி போட்டு வாங்குவது நல்லது. வருடக் கடைசியில் ஜூனியருக்கு விற்கும்போதும் பாதிப் பாதி.

எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதவர் விற்கும் நிஜ எலும்பை வாங்காதீர்கள். அது ஒரு மனிதருடையது, அதற்குக் கணக்கு உண்டு. பிளாஸ்டிக் மாதிரி மூட்டு படிக்கத் தாராளமாகப் போதும். சொரசொரப்பான தசை ஒட்டுமிடங்களுக்கு மட்டும் துறையில் இருக்கும் நிஜ எலும்பைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கோட் இரண்டு வேண்டும். ஒன்றில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடை ஏறிவிட்டால் போகாது. கலர் பென்சில், கையுறைப் பெட்டி எல்லாம் சில்லறைச் செலவு. புது பதிப்புப் புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள். போன பதிப்பிலிருந்து இந்தப் பதிப்புக்குள் முழங்கையில் புது எலும்பு எதுவும் முளைத்துவிடவில்லை.

செலவே இல்லாத ஒன்று: வீட்டில் யாராவது கீழே விழுந்து எடுத்த பழைய எக்ஸ்ரே கிடக்கும். மணிக்கட்டு எக்ஸ்ரே கிடைத்தால் விடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எட்டு எலும்பையும் எண்ணிப் பழகுங்கள். சின்னப் பிள்ளையின் எக்ஸ்ரே என்றால் எட்டு இருக்காது, பதறாதீர்கள். கேபிடேட் முதல் வயதிலேயே தெரியும். பிசிஃபார்ம் கடைசி, சுமார் 12 வயதில்.

3. எலும்பைப் பிடித்தவுடன் பக்கம் சொல்லுங்கள்

எலும்பை எடுத்ததும் வாய் திறக்காமல், அதை உங்கள் கைக்கு நேராகச் சரியான நிலையில் பிடியுங்கள். உள்ளங்கை முன்னால் பார்க்க, கட்டைவிரல் உடம்பை விட்டு வெளியே இருக்க நிற்பதுதான் நிலை. கட்டைவிரல் பக்கம் லேட்டரல், சுண்டுவிரல் பக்கம் மீடியல். இது மறந்தால் எல்லாமே தலைகீழாகப் போகும்.

ஹியூமரஸ்: உருண்டைத் தலை மேலே, உடம்பை நோக்கி. கீழ் முனையில் ஆழமான குழி பின்னால் இருக்கும். இந்த இரண்டும் பொருந்தினால் பக்கம் வந்துவிடும். நான் குழியை முன்னால் பிடித்ததுதான் இடது, வலதான கதை. முன்பக்கமும் சிறு குழிகள் உண்டு, ஆனால் ஆழமில்லை.

ரேடியஸ், அல்னா: அல்னா மேலே பெரியது, கீழே சிறியது. ரேடியஸ் மேலே சிறியது, கீழே பெரியது. முழங்கைக்கு முதலாளி அல்னா, மணிக்கட்டுக்கு முதலாளி ரேடியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வைவா இந்த ஒரு வரியில் ஓடிவிடும். அல்னாவின் கொக்கி வாய் முன்னால் திறந்திருக்கும். ரேடியஸைத் தாங்கும் சின்னப் பள்ளம் கட்டைவிரல் பக்கம்.

மணிக்கட்டு: இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு. கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரல், பிசிஃபார்ம். அடுத்த வரிசையும் கட்டைவிரல் பக்கத்திலிருந்தே ட்ரப்பீஸியம், ட்ரபிசாய்ட், கேபிடேட், ஹேமேட். இங்கிலீஷில் நிறைய ஞாபக வாக்கியங்கள் சுற்றுகின்றன, பாதி வீட்டில் சொல்ல முடியாதவை. நான் தகதிமி தகஜுணு தாளத்தில் தொடையைத் தட்டிக்கொண்டே "ஸ்கே லூ ட்ரை பி, பீஸி பிசா கே ஹே" என்று ஓட்டினேன். பக்கத்து ரூமில் புகார் வந்தது, ஆனால் இன்றைக்கும் மறக்கவில்லை. ட்ரப்பீஸியமா ட்ரபிசாய்டா என்று குழம்பினால்: தம்ப் என்பதில் 'ம்' இருக்கிறது, ட்ரப்பீஸியத்திலும் 'ம்' இருக்கிறது. அது கட்டைவிரலுக்கு உரியது.

4. புத்தகத்துக்கு முன்னால் உங்கள் கை

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகச் செய்யுங்கள். அசைத்துப் பாருங்கள், பிறகு எலும்பைப் பாருங்கள், கடைசியில் பெயரைப் படியுங்கள். நான் இதை நேர் எதிராகச் செய்தேன்.

தோள். கழுத்துக் குழிக்குப் பக்கத்தில், கிளாவிக்கிள் மார்பெலும்பைத் தொடும் இடத்தில் விரலை வைத்துத் தோளைக் குலுக்குங்கள். விரலுக்கு அடியில் அசைகிறதே, அதுதான் ஸ்டெர்னோகிளாவிக்குலர் மூட்டு. முழுக் கையும் உடற்கூட்டோடு எலும்பால் இணைவது இந்த ஒரே இடத்தில்தான். மற்றபடி ஸ்கேப்புலா தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நண்பனை உங்கள் ஸ்கேப்புலாவின் கீழ் முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கையைப் பக்கவாட்டில் காது வரை தூக்குங்கள். முனை வெளிப்பக்கம் நகர்வது அவன் கைக்குத் தெரியும். 180 டிகிரியில் சுமார் 120 தோள் மூட்டிலிருந்தும், 60 ஸ்கேப்புலா திரும்புவதிலிருந்தும் வருகிறது. கை தூக்குவது தோள் மூட்டின் வேலை மட்டும்தான் என்று எழுதினால் மார்க் போய்விடும்.

தோள் ஏன் அடிக்கடி நழுவுகிறது என்பதற்கு எலும்பே பதில். ஹியூமரஸ் தலை பெரியது, ஸ்கேப்புலாவின் கிண்ணம் சிறியது, ஆழமில்லாதது. சின்னத் தட்டில் தேங்காயை நிறுத்தியது மாதிரி. அதை விழாமல் பிடித்துக்கொள்வது சுற்றியுள்ள நான்கு தசைகள்: சூப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். மேலே, பின்னால், முன்னால் தசை உண்டு, கீழே மட்டும் காலி. அந்தக் காலி இடத்தை ஒட்டித்தான், தோளின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு தரும் ஆக்ஸிலரி நரம்பு ஓடுகிறது. தோள் நழுவியவருக்குத் தோளின் வெளிப்புறத் தோலில் உணர்வு இருக்கிறதா என்று ஏன் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பது இங்கே புரிந்துவிடும்.

முழங்கை. முழங்கையை மடக்கி, பின்பக்கம் மூன்று மேடுகளைத் தொடுங்கள்: இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று, நடுவில் அல்னாவின் முனை. மடக்கும்போது முக்கோணம், நீட்டும்போது ஒரே கோடு. எலும்பு முறிந்ததா, மூட்டு நழுவியதா என்று பிரித்துப் பார்க்க உதவும் கணக்கு இது. சுண்டுவிரல் பக்க மேட்டுக்குப் பின்னால் லேசாகத் தட்டுங்கள். விரல் வரை கரண்ட் அடிக்கிறதே, அது அல்னார் நரம்பு.

முன்கை. ரேடியஸ் அல்னாவின் மேல் உருள்வதைத்தான் கையைத் திருப்புவது என்கிறோம். கோயிலில் தீர்த்தம் வாங்கும் கை சூப்பினேஷன். தலையில் வைத்து ஆசி கொடுக்கும் கை புரோனேஷன். இதைக் காட்டச் சொன்னால் முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, விலாவோடு ஒட்டிவைத்துக் காட்டுங்கள். கையை நீட்டியபடி திருப்பினால் தோளும் சேர்ந்து சுழலும், எதைக் காட்டுகிறீர்கள் என்று தெரியாது. வலது கையால் ஸ்க்ரூ முறுக்கும்போது இடது கையால் பைசெப்ஸைப் பிடித்துப் பாருங்கள், கல்லாகும். பைசெப்ஸ் மடக்கும் தசை மட்டுமல்ல, பலமான சூப்பினேட்டரும்கூட.

மணிக்கட்டு. இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். "மணிக்கட்டு மூட்டில் எந்த எலும்புகள்?" என்றால் ரேடியஸ், அல்னா என்று வாய் தானாகப் போகும். அல்னா கிடையாது. ரேடியஸும் அல்னாவுக்குக் கீழே உள்ள குருத்தெலும்புத் தட்டும் ஒரு பக்கம். ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரல் மறுபக்கம். பிசிஃபார்ம் இதில் சேராது, அது ட்ரைக்வெட்ரலின் முன்பக்கம், உள்ளங்கைப் பக்கமாகச் சவாரி செய்யும் எலும்பு. கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: சுண்டுவிரல் பக்கம் நன்றாகச் சாயும், கட்டைவிரல் பக்கம் சீக்கிரம் நின்றுவிடும். ரேடியஸின் முனை அந்தப் பக்கம் கீழே இறங்கித் தடுக்கிறது.

கட்டைவிரலை நன்றாக விரித்தால் அடியில் ஒரு பள்ளம் விழும். அதன் தரையில் ஸ்கேஃபாய்ட் இருக்கிறது. கை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே போவதால், முறிந்தால் மறுபாதி பட்டினி கிடக்கும். வைவாவில் இதைக் கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை.

கட்டைவிரல். என்னைக் கவிழ்த்த இடம். உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். மற்ற நகங்கள் மேலே பார்க்க, இது பக்கவாட்டில் பார்க்கிறது. அந்த விரலே சுமார் 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது, அதனால் அதன் அசைவுகளும் திரும்பிவிட்டன. புறங்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்குங்கள். அதுதான் அப்டக்‌ஷன். உள்ளங்கையின் தளத்திலேயே வெளியே விரிப்பது எக்ஸ்டென்ஷன். உள்ளங்கைக்குக் குறுக்கே இழுப்பது ஃப்ளெக்‌ஷன். சுண்டுவிரல் நுனியைத் தொடுவது ஆப்போசிஷன். இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் ட்ரப்பீஸியத்துக்கும் முதல் மெட்டாகார்ப்பலுக்கும் (கட்டைவிரலின் உள்ளங்கை எலும்புக்கும்) நடுவில், சேண மூட்டில். பத்து தடவை செய்யுங்கள். எனக்காக ஒரு தடவை கூடுதலாக.

மற்ற விரல்கள். விரல்களை நீட்டி வைத்து விரியுங்கள், விரியும். முஷ்டியாக மடக்கிவிட்டு விரிக்கப் பாருங்கள், முடியாது. விரல் உள்ளங்கையோடு சேரும் மெட்டாகார்ப்போ ஃபலாஞ்சியல் மூட்டின் பக்கத் தசைநார்கள் மடக்கும்போது இறுகிவிடும். அடுத்த இரண்டும் கீல் மூட்டுகள், மடக்கவும் நீட்டவும் மட்டும்.

5. டேபிளில் மூட்டைத் திறக்கும் நாள்

கட்டாயம் முன்வரிசையில் நில்லுங்கள். அன்றைக்கு விடுப்பு எடுத்தால் திரும்பக் கிடைக்காது, ஒரு டேபிளில் மூட்டை ஒருமுறைதான் திறக்க முடியும். வெட்டுவதற்கு முன் மூட்டை அசைத்துப் பார்க்க மேடத்திடம் அனுமதி கேளுங்கள். வெட்டிய பிறகு எங்கே இறுகுகிறது என்று தெரியாது. உள்ளே குருத்தெலும்பு வழவழவென்று, ஃபார்மலினில் கிடந்தும்கூடப் பளபளக்கும். படத்தில் அது வெறும் நீலக் கோடு.

எங்கள் டேபிளில் இருந்தவரின் வலது உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. மண்வெட்டியா, மரவேலையா என்று தெரியவில்லை. அந்தக் கையின் மூட்டுகளைப் படித்தபோது டேபிளைச் சுற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை. போட்டோ எடுக்காதீர்கள். பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள், மாட்டவும் வேண்டும்.

6. ரெக்கார்டு, லாக்புக், வருகை

தியரிக்கு 75 சதவீதம், ப்ராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒன்றில் கூடினால் மற்றதில் ஈடாகாது. மாதக் கடைசியில் போய் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுங்கள். என் பெயருக்கு நேரே அதே இனிஷியல் உள்ள வேறொருவரின் ஆப்சென்ட் ஏறியிருந்தது. மூன்று வாரம் கழித்துச் சொன்னதால் சரி செய்ய வேண்டுகோள் கடிதம், ட்யூட்டர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து என்று நான்கு நாள் போனது.

ரெக்கார்டில் மூட்டுகளுக்கு மொத்தம் நாலு படம் போட்டால் போதும்: தோளின் நெடுக்கு வெட்டு, முழங்கையின் தசைநார்கள், ரேடியோ அல்னார், மணிக்கட்டின் வெட்டுத் தோற்றத்தில் மூட்டு அறைகள். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். பேனாவால் லேபிள் போடும் முன் பென்சிலில் காட்டுங்கள். கையெழுத்தோடு தேதியும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள். தேதி இல்லாத கையெழுத்தை எங்கள் துறையில் ஏற்கவில்லை. லாக்புக்கையும் அதே நாளில் நீட்டிவிடுங்கள். மொத்தமாகச் சேர்த்துப் போனால் உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.

7. வைவா

எந்த மூட்டைக் கேட்டாலும் ஒரே வரிசையில் சொல்லுங்கள்: வகை, சேரும் எலும்புகள், உறை, தசைநார்கள், பக்கத்தில் என்ன ஓடுகிறது, ரத்தம், நரம்பு, அசைவும் அதற்கான தசையும், கடைசியாக நோய். நரம்பில் திணறினால் ஹில்டன் விதி காப்பாற்றும்: மூட்டை அசைக்கும் தசைக்குப் போகும் நரம்புதான் மூட்டுக்கும் கிளை கொடுக்கும். தசை தெரிந்தால் பாதி பதிலை ஊகித்துவிடலாம்.

மறந்துவிட்டால் உங்கள் கையை அசைத்துப் பாருங்கள். தேர்வாளர்கள் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இரண்டாம் முறை நான் மேஜைமேல் புறங்கையை வைத்து, கட்டைவிரலைக் கூரைக்குத் தூக்கிக் காட்டியபோது மேடம் தலையாட்டிவிட்டு அடுத்த எலும்பை நீட்டினார்.

கோட் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, வாட்சைக் கழற்றிவிட்டுப் போங்கள். மணிக்கட்டைக் காட்டச் சொல்வார்கள்.